மூன்று எழுத்துகளுக்குப் பின்னால்

கல்முனைப் பிரதான வீதியில் வாப்பாவுக்கு ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடை இருக்கிறது. பிரேக் சூ, கிளச் கேபிள், பிளக், பெல்ட், பெயாரிங் என்று கூரை வரை அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். தமிழ் எழுத்தை உம்மா சொல்லித் தந்தார். அரபெழுத்தை மதரஸாவில் ஓதினேன். ஆங்கில எழுத்தை எனக்குச் சொல்லித் தந்தவை அந்தப் பெட்டிகள். நான் முதலில் தனியாக வாசித்த ஆங்கிலச் சொல் ஒரு சொல்லே அல்ல. மூன்று எழுத்துகள் மட்டும்: டி, வி, எஸ்.

இந்த வருடம் வணிகக் கல்விப் பாடத்தில் முயற்சியாண்மை அலகு முடிந்ததும், ஒரு முயற்சியாளரின் வாழ்க்கையை எழுதி வரும்படி ஆசிரியை பணித்தார். தோழியர் எல்லோரும் தொலைபேசியும் கணினியும் செய்து உலகப் புகழ் பெற்றவர்களை எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெட்டிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அந்த மூன்று எழுத்து எதைக் குறிக்கிறது என்று வாப்பாவிடம் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பெட்டிகளை விற்று வரும் வாப்பா சற்று யோசித்துவிட்டு, இந்தியாக் கம்பனி மகள் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது அது கம்பனிக்கு முன்னால் ஒரு மனிதரின் பெயராக இருந்தது தெரிந்தது. திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். ஊர்ப் பெயரும் தந்தையின் பெயரும் தன் பெயரும் சேர்ந்த தமிழ்ப் பெயர். இத்தனை நாளும் நான் ஆங்கிலமென்று நினைத்து வாசித்தது ஒரு தமிழரின் பெயரைத்தான்.

திருக்குறுங்குடி, தமிழ்நாட்டின் திருநெல்வேலிச் சீமையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள பழைய கோயிலூர். நம் முன்னோரோடு கடல் கடந்து வணிகம் செய்த காயல்பட்டினமும் அந்நாளில் அதே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே 1877 மார்ச் 22இல் சுந்தரம் பிறந்தார். மகன் சட்டத் துறையில் இருக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அவ்வழியே தொடங்கிய அவர், பின்னர் புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்தார். அதன் பிறகு ஒரு வங்கியில். மாதம் முடிந்தால் சம்பளம் வரும் வேலை. மகனுக்கு அரசாங்க உத்தியோகம், மகளுக்கு ஆசிரியத் தொழில் என்று கனவு காணும் நம் ஊரில் இப்படி ஒரு வேலையை விட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை வாசகியர் அறிவீர்கள். சுந்தரம் அதை விட்டார். 1911ஆம் ஆண்டு மதுரையில் தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வயது முப்பத்து நான்கு.

அவர் தேர்ந்தெடுத்த தொழில், அந்நாளில் பலர் கண்ணால் கூடப் பார்த்திராத ஒன்று. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டுவது. புகையிரதப் பாதை இல்லாத இடத்தில் மாட்டு வண்டிதான் வாகனம். பாதையோ செம்மண்ணும் கல்லும். மழை பெய்தால் சேறு, வெயில் எறித்தால் புழுதி. வண்டி எப்போது புறப்படும் என்று கேட்டால், ஆட்கள் நிறைந்தால் புறப்படும் என்பதே பதிலாக இருந்த காலம். சுந்தரம் ஐயங்கார் இந்தப் பழக்கத்தை மாற்றினார். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்துக்குப் பஸ் புறப்பட வேண்டும், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய சட்டம். பிற்காலத்தில் டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரி செய்தார்கள் என்று மதுரைப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இதை வாசித்தபோது நேரம் தவறாமை ஒரு நல்ல குணம் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. வாப்பாதான் அதற்குள் இருந்த கணக்கை விளக்கினார். ஆள் நிறையும் வரை காத்திருக்கும் பஸ்ஸுக்கு அன்றைய நாளில் நட்டமில்லை. நேரத்துக்குப் போகும் பஸ் முதல் நாள்களில் வெறுமையாகப் போகும், நட்டம் வரும். ஆனால் அது நிச்சயம் வரும் என்று தெரிந்த பிறகு, சந்தைக்குப் போகிறவரும் நீதிமன்றத்துக்குப் போகிறவரும் பள்ளிப் பிள்ளையும் அதை நம்பித் தங்கள் நாளைத் திட்டமிடுவார்கள். அந்த நம்பிக்கையை வாங்கத்தான் அவர் முதலில் நட்டத்தைக் கொடுத்தார். உண்மையும் நம்பிக்கையும் உள்ள வணிகருக்கு நம் மார்க்கம் எவ்வளவு உயர்ந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது என்பதை அஹதிய்யாவில் படித்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. அல்-அமீன் என்று மக்கள் அழைத்த நபி (ஸல்) அவர்களும் வணிகம் செய்தவர்களே.

பஸ் ஓட்டியவர் உதிரிப்பாகத்துக்கு எப்படி வந்தார்? என் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்நாளில் இந்தியாவில் மோட்டார் வாகனமும் செய்யப்படவில்லை, அதன் பாகமும் செய்யப்படவில்லை. ஒரு சிறு பாகம் பழுதானாலும் அது சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அது வரும் வரை வண்டி கொட்டிலில் கிடக்கும். குறித்த நேரத்துக்குப் பஸ் விடுவேன் என்று வாக்குக் கொடுத்தவர் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பாகங்களை வாங்கிச் சேமித்து வைக்கக் களஞ்சியம் வேண்டும். திருத்துவதற்குச் சொந்தப் பட்டறை வேண்டும். பட்டறையில் வேலை பழகிய ஆட்கள் வேண்டும். தன் பஸ்ஸுக்காக இவற்றை வைத்திருந்தவரிடம் பிறரும் வந்து கேட்பது இயல்புதானே. இப்படித்தான் பாகங்கள் விற்கும் மெட்ராஸ் ஓட்டோ சேர்விஸ் நிறுவனமும், வாகனம் விற்கும் சுந்தரம் மோட்டோர்ஸ் நிறுவனமும் அவர் குடும்பத்திலிருந்து வந்தன. 1950களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் வாகனங்களுக்கு இந்தியாவில் மிகப் பெரிய விநியோகத்தராகச் சுந்தரம் மோட்டோர்ஸ் விளங்கியது.

நம் கடையின் இன்னொரு தட்டில் இருக்கும் ஜேர்மன் பெயருக்கும் இதே போல ஒரு கதை உண்டு. ரொபர்ட் பொஷ் என்பவர் 1861இல், ஊல்ம் நகருக்கு அருகே விடுதி நடத்திய ஒரு விவசாயியின் பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது பிள்ளையாகப் பிறந்தார். 1886இல் ஸ்டுட்கார்ட் நகரில் இரண்டு உதவியாளரோடு சிறு பட்டறை தொடங்கினார். எஞ்சினுக்குள் பொறி உண்டாக்கும் மெக்னீற்றோ என்ற கருவியை 1897இல் முதன்முதலாக ஒரு மோட்டார் வாகனத்தில் பொருத்தினார். 1902இல் அவருடைய பட்டறைப் பொறியியலாளர் ஒருவர் உயர் அழுத்த மெக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்து முடித்தார். 1906இல் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை, 1927இல் டீசல் பம்ப் என்று அந்த நிறுவனம் வளர்ந்தது. நம் கடற்கரையில் ஆழ்கடலுக்குப் போகும் படகும், சம்மாந்துறை வயலில் உழும் உழவு இயந்திரமும் டீசலைத் தெளிக்கும் விதம் அந்தப் பம்பின் வழியில் வந்ததே. 1951இல் அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளை தொடங்கியது. ஆனால் அதைக் காண பொஷ் இல்லை. 1942இல் அவர் இறந்துவிட்டார். அவர் யூதர் சிலரைக் காப்பாற்ற உதவியதும் உண்மை. ஹிட்லர் காலத்தில் அவருடைய தொழிற்சாலைகளில் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வேலை செய்ததும் உண்மை. பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதும்போது இரண்டையும் எழுத வேண்டும் என்று ஆசிரியை திருத்தித் தந்தார்.

பொஷ் பாகத்திலிருந்து வாகனத்துக்குப் போனவர். சுந்தரம் ஐயங்கார் வாகனத்திலிருந்து பாகத்துக்கு வந்தவர். ஒருவர் கண்டுபிடித்தார், மற்றவர் பிறர் கண்டுபிடித்ததை நின்றுவிடாமல் ஓட வைத்தார். இரண்டாவது வேலையைச் சிறியதென்று நான் நினைத்திருந்தேன், 2022ஆம் ஆண்டு வரும் வரை.

அந்த வருடம் நாம் பெற்றோலுக்கு நின்ற வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுபஹு தொழுதுவிட்டுப் போன வாப்பா மஃரிபுக்குத்தான் வருவார். சில நாள் வெறுங்கையோடும் வருவார். வாகன இறக்குமதி நின்று போயிருந்ததால் பழைய வாகனங்களையே வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. பாகங்களின் விலையோ இரட்டிப்பாகி, அதற்கு மேலும் ஏறிக்கொண்டிருந்தது. மீன் ஏற்றும் ஒரு லொறி நின்றால் எத்தனை வீட்டு அடுப்பு நிற்கும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

இரண்டாம் உலகப் போரின்போது சுந்தரம் ஐயங்காருக்கும் இதே நிலைமை வந்தது. பெற்றோல் போருக்குப் போய்விட்டது, மக்களுக்குப் பங்கீடுதான். பஸ்களை நிறுத்திவிட்டுப் போர் முடியும் வரை காத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கரியால் ஓடும் வாயு அடுப்பு ஒன்றைத் தம் பட்டறையில் செய்வித்து, டி.வி.எஸ். காஸ் பிளான்ட் என்ற பெயரில் வெளியிட்டார். அதன் வேலை எளிது. உருளை போன்ற அடுப்பில் மரக்கரியை இட்டு, போதுமான காற்றுக் கொடுக்காமல் எரிப்பார்கள். கரி முழுதாக எரியாமல் எரியக்கூடிய வாயு ஒன்றைக் கக்கும். அதைக் குளிர்வித்து, சாம்பலை வடித்து, எஞ்சினுக்குள் அனுப்பினால் பெற்றோல் ஆவியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வலு குறைவுதான், ஏற்றத்தில் வண்டி திணறும், சாரதி அடிக்கடி இறங்கிக் கரியைக் கிளற வேண்டும். ஆனாலும் பஸ் ஓடும். புது டயருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஒட்டும் தொழிற்சாலையையும் தொடங்கினார். நம் ஊரில் ரீபில்ட் டயர் என்று சொல்கிறோமே, அதேதான். இல்லாததை நினைத்து அழாமல் இருப்பதைக் கொண்டு நடத்துவது என்பது நம் உம்மாமாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே குணம் ஒரு பெரிய நிறுவனத்தையும் காப்பாற்றியிருக்கிறது.

இதுவரை எழுதி முடித்து ஒப்படைக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்போது அந்த நிறுவனத்தின் முழுப் பெயரை மறுபடி வாசித்தேன். டி.வி.சுந்தரம் ஐயங்கார் அன் சன்ஸ். சுந்தரம் ஐயங்காரும் புதல்வர்களும். அவருக்கு ஐந்து புதல்வர்கள். கூடவே மூன்று புதல்வியரும் இருந்தார்கள். அவர்கள் பலகையில் இல்லை. எங்கள் கடைப் பலகையிலும் மூத்தவாப்பாவின் பெயருக்குப் பின்னால் அதே அன் சன்ஸ்தான் இருக்கிறது. நான் தினமும் அதன் கீழால் நுழைகிறேன். அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அந்தப் புதல்வியரில் ஒருவர் சௌந்தரம். 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி பன்னிரண்டு வயதளவிலேயே மணம் முடித்து வைக்கப்பட்டார். கணவர் ஒரு வைத்தியர். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, அந்நோய் தம்மையும் தொற்றி, இளம் வயதிலேயே இறந்தார். அந்நாளில் அந்தச் சமூகத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு மறுமணம் இல்லை. நல்ல உடை இல்லை. நல்ல காரியங்களில் முன்னால் நிற்க இடமில்லை. வீட்டின் ஒரு மூலைதான் அவளுடைய உலகம். ஊரையெல்லாம் பஸ் ஏற்றிக் கொண்டுபோன தகப்பனின் வீட்டில் மகள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை.

சுந்தரம் ஐயங்காரும் அவர் மனைவியும் அதற்கு உடன்படவில்லை. மகளைப் படிக்க வைத்தார்கள். மதுரையிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் புகையிரதத்தில் போக வேண்டிய டில்லிக்கு, லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1936இல், முப்பத்திரண்டு வயதில், சௌந்தரம் வைத்தியராகப் பட்டம் பெற்றார். அந்த ஊரும் உறவும் எவ்வளவு பேசியிருக்கும் என்பதை நம்மால் ஊகிக்க முடியும். ஏனென்றால் நாமும் பேசுகிற ஊரில்தான் இருக்கிறோம்.

ஆனால் எல்லாத் தந்தைமாருக்கும் ஓர் எல்லை உண்டு போலும். டில்லியில் காந்தியின் வட்டத்தோடு சௌந்தரத்துக்குத் தொடர்பு உண்டாயிற்று. அங்கே கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரன் என்பவரை மணம் புரிய விரும்பினார். வேறு சாதி, வேறு மொழி. அதிலும் விதவையின் மறுமணம். படிக்க அனுப்பிய பெற்றோர் இதற்குச் சம்மதிக்கவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கும்படி காந்தி இருவருக்கும் சொன்னார். பிரிந்திருந்தும் அவர்கள் மனம் மாறாததால் 1940இல் காந்தியின் முன்னிலையில் அத்திருமணம் நடந்தது. அதன் பின் சௌந்தரம், தந்தையின் நகரை அடுத்துள்ள சின்னாளப்பட்டியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1947இல் கணவரோடு காந்திகிராமம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சட்டசபை உறுப்பினராகவும், திண்டுக்கல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும், இந்திய அரசின் துணைக் கல்வி அமைச்சராகவும் பணியாற்றி 1984இல் மறைந்தார். காந்திகிராமம் இன்று ஒரு கிராமியப் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு நான் சற்றுப் பெருமைப்பட்டேன். கைம்பெண்ணின் மறுமணத்தை நம் மார்க்கம் ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே அனுமதித்திருக்கிறது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் கணவரை இழந்தவர்கள்; சொந்தமாக வணிகம் நடத்தியவர்கள். பெருமை கொஞ்ச நேரம்தான் இருந்தது. அன்னை கதீஜா வணிகம் செய்தார்கள் என்பதை மீலாத் மேடையில் பேசிப் பரிசு வாங்கும் நான், கடையில் உட்காருவது பெண் பிள்ளைக்கு அழகல்ல என்று என் மாமா சொன்னபோது பதில் சொல்லாமல் உள்ளே போனவள். மார்க்கம் தந்ததை ஊர்ப் பேச்சு திருப்பி எடுத்துக்கொள்கிறது. நாமும் பேசாமல் கொடுத்துவிடுகிறோம். ஐயங்கார் வீட்டுப் பெண்ணுக்கு அவருடைய வழக்கமே எதிராக நின்றது. எனக்கு எதிராக நின்றது என் வாய் திறவாமை மட்டும்தான்.

சுந்தரம் ஐயங்கார் முதுமையில் தொழிலைப் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1955 ஏப்ரல் 28இல், எழுபத்தெட்டாவது வயதில், கொடைக்கானலில் காலமானார். அதன் பிறகுதான் பாகம் விற்ற குடும்பம் பாகம் செய்யும் குடும்பமாக வளர்ந்தது. ஸ்டார்ட்டரும் டைனமோவும் செய்ய 1961இல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பனியோடு சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கியது. பிரேக், சக்கரம், ஆணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தொழிற்சாலை வந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு பஸ் சேவைகளைப் பொறுப்பேற்றபோது, அவர் தொடங்கிய பஸ் தொழில் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. பஸ்ஸுக்காகப் பிறந்த பாகத் தொழில் பஸ் இல்லாமலே நின்று வளர்ந்தது. 1980இல் இரண்டு பேர் போகக்கூடிய டி.வி.எஸ். 50 வந்தது. 1990களில் சுந்தரம் பாஸ்னேர்ஸ் நிறுவனம், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் வாகனங்களுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பத் தொடங்கியது. ஒரு காலத்தில் அவர்களுடைய வாகனத்தை வாங்கி விற்ற குடும்பம், இப்போது அவர்களுக்கே விற்கிறது.

இன்னொன்றையும் கண்டேன். அந்த சுந்தரம் பாஸ்னேர்ஸ் நிறுவனத்தையும், சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தையும் இன்று நடத்துபவர்கள் பெண்கள். ஆரதி கிருஷ்ணா, லக்ஷ்மி வேணு. இருவரும் சுந்தரம் ஐயங்காருடைய பேரன்மாரின் புதல்வியர். அன் சன்ஸ் என்று எழுதிய பலகைக்குள் பெண்கள் வந்து உட்கார மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது.

கட்டுரையை ஆசிரியையிடம் கொடுப்பதற்கு முந்திய இரவு வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காஸ் பிளான்ட் பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். சௌந்தரம் பகுதி வந்தபோது ஒன்றும் பேசவில்லை. மாமாவைப் பற்றி எழுதிய வரியை வாசிக்காமல் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு அதையும் வாசித்தேன். அதற்கும் பேசவில்லை. எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். உம்மா என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன்.

அடுத்த கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா, கடையின் இருப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எந்தப் பாகம் எத்தனை இருக்கிறது, எது தீர்ந்தால் எப்போது சொல்லி அனுப்ப வேண்டும் என்று இனி நீ பார்த்துக்கொள் என்றார். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கடைக்கு வந்து பார், மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே அந்த மூன்று எழுத்து வாப்பாவின் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் பிரேக் சூ, பன்னிரண்டு சோடி. எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான் இருந்தது. மூன்று குறைகிறது என்று எழுதி, திகதி போட்டேன். எங்கள் கடைப் பலகை இன்னும் மாறவில்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவை நிறம் பூசும்போது பேசிக்கொள்ளலாம்.